கிளிநொச்சியைச் சுற்றியுள்ள வெளிகளில் சைக்கிள் ஓட எந்த வீதிகள் நல்லவை?

கிளிநொச்சிக்குப் பணி மாற்றலாகி வந்திருப்பதாகவும், மெல்லிய ரயர் பூட்டிய பந்தய வகைச் சைக்கிள் ஒன்று கையில் இருப்பதாகவும், விடுமுறை நாள்களில் 30 முதல் 100 கிலோமீற்றர் வரை ஓடத்தக்க தட்டையான, திறந்த வெளியூடாகச் செல்லும் வீதிகளைச் சொல்லுமாறும் கேட்டிருந்தீர்கள். கூடவே, எல்லாப் பக்கமும் வயல்வெளிதான் என்பதால் எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒன்றுதானே என்றும் எழுதியிருந்தீர்கள். அது ஒன்றல்ல. ஏற்ற இறக்கம் இல்லாத நாட்டில் ஒரு வீதியின் கடினத்தைக் காற்றும், அந்த வீதி எந்தத் தண்ணீரை நம்பிய வயல்களூடாகப் போகிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. ஆகவே வன்னியில் எந்த வீதி என்று கேட்பதற்கு முன்னர் எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமான விடை வேண்டுமென்றால் இவ்வளவுதான்: வழமையான காலை ஓட்டத்துக்கு இரணைமடு, வட்டக்கச்சி, பன்னங்கண்டிச் சுற்று, நீண்ட ஓட்டத்துக்குப் பரந்தன்–பூநகரி வீதி, வடகிழக்கிலிருந்து காற்று வீசும் வாடைக் காலத்தில் ஒருமுறையேனும் பரந்தன்–முல்லைத்தீவு வீதி, கண்டி வீதி எனப்படும் ஏ9 வீதியை இவற்றை இணைக்கும் துண்டாக மட்டும் பயன்படுத்துங்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். கிளிநொச்சி பழைய நகரம் அன்று; யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கடியையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கில் 1936ஆம் ஆண்டு தொடங்கிய குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த ஊர். அந்தக் குடியேற்றத்துக்கு உயிர் கொடுத்தது தெற்கே இருக்கும் இரணைமடுக் குளம். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட அந்தக் குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் புறப்பட்டு, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, பரந்தன் வரையுள்ள வயல்களுக்குப் பாய்கின்றன. இதைச் சைக்கிள்காரருக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இந்த வெளி, தெற்கே குளத்தடியில் சற்று உயர்ந்தும் வடக்கே ஆனையிறவுக் கடனீரேரியை நெருங்க நெருங்கத் தாழ்ந்தும் இருக்கிறது. சரிவு மிக மெல்லியது. ஆயினும் வீதியோரத்து வாய்க்காலில் தண்ணீர் உங்களுக்கு எதிராக ஓடிவருமானால் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பரந்தனிலிருந்து இரணைமடு நோக்கிப் போகும்போது கால் சற்றுக் கனப்பதற்கும், திரும்பி வரும்போது அதே வேகம் இலகுவாக வருவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இனிக் காற்று. வைகாசி பிறந்து சில நாள்களில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசுகிறது. விடியற்காலையில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும்; வெயில் ஏறி நிலம் சூடானதும், எட்டரை, ஒன்பது மணியளவில் எழும்பத் தொடங்கி, பிற்பகலில் சைக்கிளை நிறுத்திவிடும் அளவுக்குப் பலக்கும். இந்த மாதங்களில் மேற்கு அல்லது தெற்குத் திசையில் புறப்பட்டு, காற்று எழுவதற்கு முன்னரே தூரத்தைக் கடந்து, அது எழும்பிய பின்னர் அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதே அறிவுள்ள செயல். கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடைக் காற்று. அது வடகிழக்கிலிருந்து வருவது. சோழகத்தைப்போல நேரம் பார்த்து எழுவதில்லை, சில நாள்களில் விடியற்காலையிலேயே இருக்கும். அந்தப் பருவத்தில் கிழக்குப் பக்கமாகப் புறப்பட வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் காற்று ஓய்ந்திருக்கும் என்று மகிழ வேண்டாம்; வெயில் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எட்டு மணிக்குப் பிறகு வெளியில் நிற்பதே பாடு.

வயல்வெளியில் காற்றை மறிக்க ஒன்றும் இல்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கண்டியிலோ கொழும்புப் புறநகரிலோ ஓடிப் பழகியவர், ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும் என்ற கணக்கோடு சக்தியைச் செலவழிப்பார். இங்கே எதிர்காற்றில் 20 கிலோமீற்றர் என்றால் அந்த 20 கிலோமீற்றருக்கும் ஓய்வே கிடையாது. பெடலை நிறுத்திய மறுகணமே சைக்கிள் நின்றுவிடும். எனவே வேகத்தைப் பாராமல், மூச்சு வாங்காத அளவில் ஒரே சீராக மிதித்துப் பழகுங்கள். நீண்ட தூரத்துக்கு அந்தப் பழக்கம்தான் உதவும்.

இப்போது முதலாவது சுற்று. கிளிநொச்சி நகரிலிருந்து கண்டி வீதியில் தெற்கே சென்றால் இரணைமடுச் சந்தி வரும். அங்கே கிழக்குப் பக்கமாகத் திரும்பும் வீதி குளத்தடிக்குப் போகிறது. கண்டி வீதியின் இரைச்சல் திரும்பிய சில நிமிடங்களிலேயே விட்டுப்போகும். குளத்தடியில் கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டுக் குளத்தைப் பார்ப்பது வழக்கம். குளக்கட்டின் மேற்பரப்பு மெல்லிய ரயருக்கு ஏற்றதன்று. ஏறிப் பார்க்க விரும்பினால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பதே நல்லது. குளக்கட்டில் நின்று பார்த்தால் ஒருபுறம் கரை தெரியாத தண்ணீரும் மறுபுறம் வாய்க்கால் பிரிந்து போகும் வயல்களுமாக, நீங்கள் ஓடப்போகும் வெளி முழுவதும் கண்ணெதிரே விரியும். முதல்நாள் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு வழி கேட்க வேண்டிய தேவை குறையும்.

குளத்தடியிலிருந்து வட்டக்கச்சிப் பக்கமாகச் சென்று, அங்கிருந்து பன்னங்கண்டி ஊடாகக் கண்டி வீதிக்குத் திரும்பினால் ஒரு சுற்று முடிந்துவிடும். ஏறத்தாழ 25 கிலோமீற்றர். வேலைக்குப் போகும் நாளிலும், ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்கு முன் வீடு திரும்பலாம். இந்தச் சுற்றின் சிறப்பு, அது ஆண்டின் பெரும்பகுதியில் பச்சையாக இருப்பதுதான். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு போகம் நடக்கும். காலபோகம் ஐப்பசி மழையோடு எழுந்து தை, மாசியில் அறுவடையாகும், சிறுபோகம் சித்திரை, வைகாசியில் விதைத்து ஆடி, ஆவணியில் முடியும். சிறுபோகத்தில் எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை வைத்தே முடிவு செய்வார்கள் என்பதால், சில ஆண்டுகளில் வாய்க்காலின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் காய்ந்த தாளாகவும் கிடப்பதைக் காண்பீர்கள்.

காலை ஐந்தரை மணிக்கு அந்த வாய்க்கால் வீதியில் நீங்கள் தனியாக இருக்கப்போவதில்லை. லுமாலாச் சைக்கிளின் பாரோடு மண்வெட்டியை வைத்துக் கட்டி, கரியரில் பழைய உரப்பையை மடித்து வைத்து, ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி தண்ணீர் மாறக் கமக்காரர் வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வீதியின் நடுவால் வருவார்கள். வழி விட வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் சைக்கிளில் மணி இல்லையென்றால் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். பின்னால் சத்தமில்லாமல் வேகமாக வந்து முந்துவது வயது போனவர்களைத் தடுமாறச் செய்யும். தொண்ணூறுகளில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலம் முழுவதும் வன்னியின் நெல்லையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது இந்தச் சைக்கிள்தான் என்பதால், இங்குள்ளவர்களுக்கு நாற்பது கிலோமீற்றர் என்பது பெரிய தூரமாகத் தெரியாது. உடற்பயிற்சிக்காக அவ்வளவு தூரம் ஓடுகிறேன் என்று நீங்கள் சொன்னால் மட்டும் சற்று வியப்போடு பார்ப்பார்கள்.

சற்று நீட்ட விரும்பினால், வட்டக்கச்சியிலிருந்து திரும்பாமல் கிழக்கே இராமநாதபுரம் சென்று, தருமபுரத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஏறி, பரந்தன் வழியாக வீடு திரும்பலாம். இது 45 கிலோமீற்றரை அண்மிக்கும். இராமநாதபுரத்துக்கு அப்பால்தான் கல்மடுக் குளம் இருக்கிறது. 2009 சனவரியில் போரின்போது கட்டு உடைக்கப்பட்ட குளம் அது.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரணைமடுவின் முழுமட்டம் 36 அடி. கார்த்திகை, மார்கழியில் மட்டம் அதை நெருங்கும்போது மிகையான நீரை வெளியேற்றும் வான்கதவுகளைத் திறப்பார்கள். திறந்தால் வெள்ளம் பழைய ஆற்றின் வழியே இறங்கி, பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை ஆகிய தாழ்ந்த ஊர்களை நோக்கி வரும். அதாவது மேலே சொன்ன சுற்றின் திரும்பும் பகுதி அப்படியே தண்ணீருக்குள் போகலாம். கதவு திறப்பதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வந்த நாளிலும் அதற்கு அடுத்த சில நாள்களிலும் சைக்கிளைத் தொட வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று வீதியைக் கடக்க முயல்வது இங்கே உயிரோடு விளையாடுவது. தண்ணீருக்குக் கீழே மதகு அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது.

நகரின் மேற்கே உருத்திரபுரம் பக்கம் இன்னொரு சிறிய சுற்று உண்டு. வாய்க்கால்களின் எண்களாலேயே அழைக்கப்படும் குடியிருப்புகள், இடையிடையே தென்னையும் மாமரமும் நிற்கும் வளவுகள், பழைய சிவன் கோயில் என்று நிழலோடு கூடிய ஓட்டம். கிறவல் வீதிகள் இடையில் குறுக்கிடுவதால் வேகமாக ஓட முடியாது. பங்குனி வெயிலில் மட்டும் நான் இதைப் பரிந்துரைப்பேன்.

பரந்தன்–பூநகரி வீதிக்கு வருவோம். வன்னியிலே சைக்கிளுக்கென்று ஒரே ஒரு வீதியைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் இதையே சொல்வேன். பரந்தன் சந்தியில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பினால் பூநகரி வாடியடிச் சந்தி வரை ஏறத்தாழ 26 கிலோமீற்றர். போருக்குப் பின்னர் திருத்தி அமைக்கப்பட்ட வீதி; வாகனம் குறைவு; குஞ்சுப்பரந்தன் கழிந்ததும் வெளி விரிந்துவிடும். வடக்கே வயலுக்கும் பற்றைக்கும் அப்பால் கடனீரேரியின் சேற்று வெளி, தெற்கே வயல், அதற்கு அப்பால் காட்டின் கோடு, இடையிடையே தனித்து நிற்கும் பனைகள். வீதி நீண்ட துண்டுகளாக நேராகக் கிடப்பதால் எதிரே வரும் லொறியை அது உங்களை அடைவதற்குப் பல நிமிடங்களுக்கு முன்னரே கண்டுவிடலாம். அப்படி நேராகக் கிடப்பதே சிலருக்குச் சலிப்பூட்டும். தூரம் குறையவில்லையே என்ற எண்ணம் வரும். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இந்த வீதி எல்லா மாதத்திலும் ஒரே முகத்தைக் காட்டாது. பூநகரி வயல்களில் பெரும்பாலானவை இரணைமடுத் தண்ணீரைக் காணாதவை. மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலங்கள். பெயர்பெற்ற மொட்டைக்கறுப்பன் நெல் விளைவது இங்குதான். ஆகவே ஐப்பசி மழைக்குப் பின்னர் முளைவிட்டு, மார்கழியில் கடும் பச்சையாகி, தை, மாசியில் பழுத்துச் சாயும் வரைதான் இந்த வெளி அழகு. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை அதே வெளி வெறுந்தரையாக, மாடுகள் மேயும் தாளும் புழுதியுமாகக் கிடக்கும். நிழல் அறவே இல்லை. இரணைமடுப் பக்கம் சிறுபோகப் பச்சையைப் பார்த்துவிட்டு அதை எதிர்பார்த்து ஆடி மாதத்தில் பூநகரிக்குப் போனவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

காற்றைப் பொறுத்தவரையில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று இருக்கிறது. வயல் அழகாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று, போகும்போது வலப்புறம் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டு, திரும்பும்போது இடப்புறம் முன்பக்கமாக முகத்தில் அறையும். போகும்போது கிடைத்த வேகத்தைத் தன் திறமை என்று எண்ணிக்கொண்டு வாடியடி வரை விரைந்து போகிறவர், திரும்பும் 26 கிலோமீற்றரில் அதற்கு விலை கொடுப்பார். அந்தப் பருவத்தில் பாதி வழியில் ஒருமுறை சைக்கிளை நிறுத்தி, முகத்தைப் பரந்தன் பக்கம் திருப்பி, காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போவதா திரும்புவதா என்று முடிவு செய்யுங்கள். சோழகக் காலத்தில் ஓட்டம் இலகு, காட்சி வறட்சி. இரண்டும் ஓரளவு கூடி வருவது மாசிக் கடைசியில், கதிர் பழுத்து வாடை தளர்ந்திருக்கும் சில கிழமைகளில்.

கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையில் கடனீரேரிப் பக்கம் வலசை வரும் பறவைகளைக் காணலாம். பூநாரைக் கூட்டம் தூரத்தில் வெளிறிய கோடாக நிற்கும். கூழைக்கடாவும் நாரைகளும் வீதிக்குப் பக்கத்திலுள்ள நீர்நிலைகளுக்கே வரும். சைக்கிளில் போகிறவரைக் கண்டு அவை அவ்வளவாக வெருள்வதில்லை. இறங்கி நடந்தால்தான் எழும்பிப் பறக்கின்றன.

பூநகரியில் கோட்டையின் எச்சத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து மேலும் வடக்கே சென்றால் சங்குப்பிட்டிப் பாலம். 2011 சனவரியில் அது திறக்கப்படும் வரை அந்த நீர்ப்பரப்பைக் கடக்கப் படகுப்பாதையே இருந்தது. இப்போது பாலத்தைக் கடந்து கேரதீவு வழியாக யாழ்ப்பாணம் போய்விடலாம். கண்டி வீதியை விட இது அமைதியான வழி. பாலத்தின் மேல் பக்கக் காற்று வலுவாக இருக்கும் என்பதால் ஹாண்டிலை இரு கைகளாலும் பிடித்து, வீதியின் ஓரக்கோட்டை ஒட்டாமல் சற்று உள்ளே ஓடுங்கள். கௌதாரிமுனை மணல்மேடுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு வேறு சைக்கிள் வேண்டும். மணலில் உங்கள் ரயர் புதைந்துபோகும்.

100 கிலோமீற்றரை நெருங்கும் ஒரு நாள் ஓட்டம் வேண்டுமென்றால், வாடியடியிலிருந்து தெற்கே மன்னார் வீதியில் ஜெயபுரம் வரை போய், அங்கே கிழக்கே திரும்பி அக்கராயன்குளம், முறிகண்டி வழியாகக் கண்டி வீதியை அடைந்து கிளிநொச்சிக்கு வரலாம். அக்கராயன் பக்கம் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு வீதியை நெருங்கி வருவதால், வெளியில் அடிபட்ட காற்று அடங்கிவிடும். பாலை பழுக்கும் காலத்தில் போனால் வீதியோரத்தில் பழம் விற்பார்கள். பால் உதட்டில் ஒட்டும், தண்ணீர் கொண்டு கழுவினால் போகாது. முறிகண்டியில் எல்லா வாகனமும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவதைப் பார்ப்பீர்கள். நீங்களும் நின்று வறுத்த கச்சான் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள்; எஞ்சிய 11, 12 கிலோமீற்றருக்கு அதைவிட நல்ல தீன் கிடையாது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதி 52 கிலோமீற்றர். ஒரு பக்கம் ஓடி, மறு பக்கம் வேறு ஏற்பாட்டில் திரும்புவதென்றால் சுகம். இரண்டு பக்கமும் ஓடுவதென்றால் நல்ல பழக்கம் வேண்டும். முரசுமோட்டை வரை வயல். அதன் பின்னர் புளியம்பொக்கணை, தருமபுரம் வரை வயலும் குடியிருப்பும் மாறி மாறி வரும். நெத்தலியாற்றைத் தாண்டி விசுவமடுவுக்கு வந்தால் தோட்டச் செய்கை. படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் காணி பெற்றவர்கள் மிளகாயும் வெங்காயமும் செய்து எழுப்பிய ஊர் அது. உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஊர்கள் தொடர்கின்றன. 2009இல் இந்த வீதியில் என்ன நடந்தது என்பதை அறிந்து ஓடுங்கள். மே மாதத்தின் நடுப்பகுதியில் அங்கே நினைவு நாள்கள் வரும். அந்நாள்களில் இறுக்கமான வண்ண உடையோடு அவ்வழியே வேகம் பிடித்து ஓடுவது அழகன்று. வேறு வீதிகள் இருக்கின்றன.

முல்லைத்தீவுக்கு முன்னால் வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது. ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். எதிரே பஸ் வந்தால் கரையில் நின்று வழி விட்டுவிட்டு ஏறுங்கள். வாடைக் காலத்தில் இந்த வீதியில் போகும்போது காற்று இடப்புறமிருந்து வரும், திரும்பும்போது உதவும். ஆகையால்தான் பூநகரிக்கு மாற்றாக மார்கழியில் இதைச் சொன்னேன். முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஒரு வட்டமாகத் திரும்பலாமா என்று வரைபடத்தைப் பார்த்து யாரேனும் கேட்பார்கள். திரும்பலாம். ஆனால் அது பெரும்பகுதி காட்டு வீதி. நீங்கள் கேட்ட திறந்த வெளி அன்று, யானை நடமாட்டமும் உண்டு. அந்தப் பக்கம் போவதானால் நன்றாக வெளித்த பின்னர் புறப்பட்டு, பொழுது சாய்வதற்கு வெகு முன்னர் மாங்குளம் வந்துவிட வேண்டும்.

கண்டி வீதி நன்கு போடப்பட்ட காபெற் வீதிதான். ஆனால் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வீதியும் அதுவே. ஒரு பஸ் இன்னொன்றை முந்தும்போது எதிர்ப்பக்க ஓரத்தில் சைக்கிள் வருவதை ஓட்டுநர் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. ஆனையிறவைக் காண விரும்பினால் ஞாயிறு விடியற்காலையில் போய் ஏழு மணிக்குள் திரும்புங்கள். கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர், இருபுறமும் உப்புநீர், மரம் என்று ஒன்றுமில்லை.

இனி, வரைபடம் சொல்லாத ஒரு இடையூறு. தை, மாசியிலும் ஆவணியிலும் அறுவடை முடிந்ததும் நெல்லைக் காயவிடுவதற்குக் கமக்காரருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தளம் தார் வீதி. சிலர் படங்கு விரித்து அதன்மேல் பரப்புவார்கள். பலர் நேராக வீதியிலேயே, ஒரு பாதியை மறித்து, நூறு இருநூறு மீற்றர் நீளத்துக்குப் பரப்பிவிடுவார்கள். எல்லை தெரிவதற்காகக் கல்லும் மரக்கட்டையும் தேய்ந்த ரயரும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வெயில் ஏறியதும் பெண்கள் நெல்லுக்குள் காலைப் பதித்து இழுத்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார்கள்; அவர்கள் நடந்த இடமெல்லாம் ஏர் உழுத சால்போல வரி விழுந்து, அடியிலுள்ள நெல் மேலே வரும். அந்த நெல்லின் மேல் ஏறினால் மெல்லிய ரயர் உருண்டு வழுக்கும், விழுவது நிச்சயம். விழாவிட்டாலும் ஒருவருடைய ஆறு மாத உழைப்பின் மேல் ஏறிய பழி மிஞ்சும். மறுபாதியால் போங்கள், வாகனம் வந்தால் இறங்கி நில்லுங்கள். இன்னும் ஆபத்தானது, மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு போனபின் அங்கேயே விடப்பட்டிருக்கும் கற்கள். மங்கல் வெளிச்சத்தில் தார் நிறத்துக்குள் அவை தெரியாது.

மாலையில் ஓடுவதை நான் பொதுவாகவே ஊக்குவிப்பதில்லை. பொழுது பட்டதும் கட்டாக்காலி மாடுகள் சூடு ஆறாத தார் வீதியில் படுத்துக்கொள்ளும். லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரங்கள் விளக்கில்லாமல் வயலிலிருந்து வீதிக்கு ஏறும். காலையில் இந்தத் தொல்லைகள் இல்லை.

வீதியை விட்டு இறங்குவதைப் பற்றியும் ஒரு சொல். வெடிபொருள் அபாயத்தைக் காட்டும் சிவப்பு அறிவிப்புப் பலகை நிற்கும் இடத்தில், எந்தத் தேவைக்காகவும் வீதியோரப் பற்றைக்குள் கால் வைக்காதீர்கள். ஆளில்லாத காணியில் பலகை இல்லாவிட்டாலும் புதிதாகப் பாதை பிடிக்க வேண்டாம். ஊர்ச்சனம் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் போங்கள்.

கடைசியாக, சைக்கிளுக்கு வேண்டியவை. 25 மில்லிமீற்றர் ரயரை மாற்றி, உங்கள் சட்டத்துக்குள் இடம் இருந்தால் 28 அல்லது 32 போடுங்கள். காபெற் முடிந்து கல்லும் தாரும் கலந்த வீதி தொடங்கும் இடங்களில் வித்தியாசம் தெரியும். இங்கே ஒட்டுப் போட வைப்பது பெரும்பாலும் முள். வளவு வேலிக்கு உடைமுள்ளை வெட்டி வீதியால் இழுத்துக்கொண்டு போன நாளில் சிந்திய முள் கிழமைக்கணக்கில் கிடக்கும். வீதி ஓரம் முழுவதும் நெருஞ்சி. ஊர்ச் சைக்கிள் கடையில் எந்த ரியூப்புக்கும் அழகாக ஒட்டுப் போட்டுத் தருவார்கள், ஆனால் உங்கள் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அவர்களிடமுள்ள காற்றடிக்கும் பம் பொருந்தாது. அதற்குப் பொருத்தும் பித்தளை இணைப்பு ஒன்றைக் கொழும்பிலிருந்தே வாங்கி வாருங்கள். சிறிய பொருள், விலையும் குறைவு. 700 அளவு ரியூப் விசுவமடுவிலோ பூநகரியிலோ கிடைக்கும் என்று நம்பாமல் இரண்டைப் பையில் வையுங்கள். தண்ணீர் இரண்டு போத்தல் போதும், பூநகரிப் பக்கம் மட்டும் மூன்று; கடனீரேரியை அண்டிய அந்த ஊர்களில் கிணற்று நீர் உவர், அங்கு வாழ்பவர்களே நன்னீருக்குப் பாடுபடுகிறார்கள் என்பதால் வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்பதை அங்கே தவிர்த்து, வாடியடிச் சந்திக் கடைகளில் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.